தொழிலாளர் சட்டமும் தொழிலுறவுகளும் (பல்கலைக்கழகப் பாடத்துறை)

தொழிலாளர் சட்டமும் தொழிலுறவுகளும் என்பது வேலை கொடுப்பவருக்கும் வேலை செய்பவருக்கும் இடையிலான உரிமைகள், கடமைகள், பிணக்குகள், உடன்பாடுகள் ஆகியவற்றைக் கற்பிக்கும் பாடத்துறை ஆகும். இந்தியாவில் இது சட்டக் கல்லூரிகள், சமூகப்பணிக் கல்லூரிகள், மேலாண்மைக் கல்வி நிலையங்கள் ஆகிய மூன்று இடங்களில் கற்பிக்கப்படுகிறது. மூவரும் புரட்டுவது ஏறத்தாழ ஒரே சட்டப் புத்தகத்தைத்தான். வழக்கறிஞராகப் போகிறவர் அதில் வாதத்தைத் தேடுகிறார். ஆலை நிர்வாகத்துக்குப் போகிறவர் நடைமுறையைத் தேடுகிறார். தொழிற்சங்கத்துக்குப் போகிறவர் தன் பக்கத்து ஆட்களுக்கு என்ன கிடைக்கும் என்று தேடுகிறார்.

பிரிவு எண்களை மனப்பாடம் செய்தால் போதும் என்ற பெயர் இப்பாடத்துக்கு உண்டு. தேர்வு எழுதும் வரைக்கும் அது ஓரளவு உண்மையே. ஆனால் இத்துறையின் வழக்குகள் பெரும்பாலும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றியவை. 'தொழிலாளி', 'தொழில்', 'ஆட்குறைப்பு' என்ற சொற்களுக்குச் சட்டம் தரும் பொருளைப் பொறுத்து ஒருவர் நீதிமன்றப் படியேற முடியுமா முடியாதா என்பது முடிவாகிறது. அந்த வரையறைகளைப் படிப்பதே பாடத்தின் உயிர்ப்பகுதி.

1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும் தீர்ப்புகளும் பாடநூல்களும் பழைய சட்டத்தின் எண்களையே பேசுவதால், இக்கட்டுரையில் வரும் பிரிவு எண்கள், வேறு சட்டம் குறிப்பிடப்படாத இடங்களில், 1947 சட்டத்துக்கு உரியவை.

சட்டமும் உறவும்

தலைப்பில் இருக்கும் இரண்டும் ஒன்றல்ல. தொழிலாளர் சட்டம் நீதித்துறையைச் சேர்ந்தது. தொழிலுறவு என்பது பொருளியல், சமூகவியல், வரலாறு ஆகியவற்றிலிருந்து பிறந்த துறை. இங்கிலாந்தில் சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் தம்பதியர் 1897 இல் வெளியிட்ட 'தொழில் சனநாயகம்' என்ற நூல் இதன் தொடக்க நூல்களுள் ஒன்று. 'கூட்டுப் பேரம்' என்ற தொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பியாட்ரிஸ் வெப். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் காமன்ஸ் இத்துறைக்கு அடித்தளம் இட்டார். கார்னெல் பல்கலைக்கழகம் 1945 இல் இதற்கெனவே ஒரு கல்லூரியைத் தொடங்கியது.

இந்திய வகுப்புகளில் தவறாமல் வரும் பெயர் ஜான் டன்லப். தொழிலாளரும் அவர்களது அமைப்புகளும், நிர்வாகத்தினர், அரசு அமைப்புகள் என மூன்று தரப்பார் சேர்ந்து பணியிடத்துக்கான விதிகளை உருவாக்குகிறார்கள் என்று 1958 இல் அவர் எழுதினார். தேர்வில் வரைபடம் போட்டு விடை எழுத வசதியான கோட்பாடு என்பதால் மாணவர்களுக்கு இது பிடிக்கும். ஆலன் ஃபாக்ஸ் 1966 இல் எழுப்பிய கேள்வி இதைவிடச் சுவையானது. ஆலை என்பது ஒரே தலைவருக்குக் கட்டுப்பட்ட குடும்பமா, அல்லது வெவ்வேறு நலன்கள் உள்ள பலர் கூடியிருக்கும் இடமா? முதல் பார்வை உடையவருக்கு வேலைநிறுத்தம் என்பது துரோகம். இரண்டாவது பார்வை உடையவருக்கு அது பேச்சுவார்த்தையின் ஒரு கட்டம். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நாளிதழில் வரும் எந்த வேலைநிறுத்தச் செய்தியையும் படிக்கலாம். அறிக்கை விட்டவர் எந்தப் பார்வையில் நின்று பேசுகிறார் என்பது இரண்டு வரிகளில் தெரிந்துவிடும்.

பெரம்பூரில் தொடங்கிய பாடம்

தொழிற்சங்கச் சட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் இந்தியாவின் எந்த மூலையில் இருந்தாலும் சென்னையைத் தொட்டாக வேண்டும். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளருக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. பி.பி.வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் அதைத் தொடங்க முன்னின்றவர்கள், திரு.வி.க. உடன் நின்றார். இந்தியாவில் ஒழுங்காக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக இது கருதப்படுகிறது.

1920 இல் அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வேலைக்குத் திரும்பாதீர்கள் என்று தொழிலாளரிடம் சொல்வது, அவர்கள் செய்துகொண்ட வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகும் என்பது வாதம். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய சட்டப்படி அந்த வாதத்தில் பெரிய ஓட்டை எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தச் சட்டம் மட்டும் இருந்தால் போதும், சங்கம் நடத்துவதையே குற்றமாக்கிவிடலாம் என்பது அப்போது தெரியவந்தது. சங்கங்களுக்குப் பதிவும் பாதுகாப்பும் வேண்டும் என்று என்.எம்.ஜோஷி 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 1926 இல், தொழிற்சங்கங்கள் சட்டம் பிறந்தது. அதன் 17 ஆவது பிரிவு சங்க நடவடிக்கைகளைக் குற்றவியல் சதி என்னும் குற்றச்சாட்டிலிருந்தும், 18 ஆவது பிரிவு உரிமையியல் வழக்கிலிருந்தும் காத்தன. இந்த இரண்டு பிரிவுகளும் ஏன் தேவைப்பட்டன என்பது 1920 ஆம் ஆண்டின் வழக்கைப் படித்த பிறகே விளங்கும்; பல பாடநூல்கள் வரலாற்றை முதல் அத்தியாயத்திலும் பிரிவுகளை ஏழாம் அத்தியாயத்திலும் வைத்துவிடுவதால் மாணவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

சங்கப் பதிவு பழங்கதையும் ஆகிவிடவில்லை. 2024 இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நீடித்த வேலைநிறுத்தத்தில் முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று சங்கத்தைப் பதிவு செய்வதே. அடுத்த ஆண்டு சனவரியில்தான் பதிவு கிடைத்தது.

'தொழிலாளி' யார்?

பிரிவு 2(எஸ்) 'தொழிலாளி' என்ற சொல்லை வரையறுக்கிறது. உடலுழைப்பு, திறன்சார் வேலை, தொழில்நுட்ப வேலை, இயக்குதல், எழுத்தர் வேலை, மேற்பார்வை என்று வேலைகளின் வகையைப் பட்டியலிட்டு, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களையும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களையும் அது விலக்குகிறது. அந்தத் தொகை 2010 முதல் 10,000 ரூபாய். புதிய தொகுப்பில் 18,000 ரூபாய். ஒருவருடைய பதவிப் பெயர் இதில் செல்லாது. 'மேலாளர்' என்று அட்டை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு நாள் முழுதும் கணக்கு எழுதவைத்தால், நீதிமன்றம் கணக்கு எழுதும் வேலையைத்தான் பார்க்கும்.

'தொழில்' என்பதன் வரையறை பிரிவு 2(ஜே). இதன் எல்லையை விரித்தது பெங்களூர் குடிநீர் வாரியம் எதிர் இராஜப்பா வழக்கில் 1978 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய அத்தீர்ப்பு மூன்று அடையாளங்களைச் சொன்னது. முறையாக நடத்தப்படும் செயற்பாடு. அதில் வேலை கொடுப்பவரும் செய்பவரும் கூடி உழைத்தல். மனிதத் தேவைகளை நிறைவு செய்யும் பொருளோ சேவையோ விளைதல். இலாப நோக்கம் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. இதனால் மருத்துவமனை, கல்வி நிறுவனம், மனமகிழ் மன்றம், அறநிலையம் எல்லாம் 'தொழில்' ஆயின. இதைச் சுருக்க நாடாளுமன்றம் 1982 இல் திருத்தம் செய்தது. ஆனால் அந்தத் திருத்தம் கடைசிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. 2017 இல் கேள்வி ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

பள்ளி ஒரு தொழில் என்றால் அங்கே பாடம் நடத்துபவர் தொழிலாளிதானே என்று தோன்றும். கோவாவில் ஒரு தனியார் பள்ளியில் பணியாற்றி, 1975 இல் வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆசிரியை சுந்தராம்பாள் அப்படித்தான் வாதிட்டார். அவருடைய வழக்கில் 1988 இல் உச்ச நீதிமன்றம் கூறியது வேறு. பள்ளி தொழில்தான், ஆனால் கல்வி கற்பித்தல் பிரிவு 2(எஸ்) பட்டியலிடும் எந்த வகை வேலையிலும் சேராது, ஆகவே ஆசிரியர் தொழிலாளி அல்லர். அதே பள்ளியின் எழுத்தரை முறைகேடாக நீக்கினால் அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆசிரியருக்கு அந்தக் கதவு இல்லை. கற்பித்தல் உயர்ந்த பணி என்று தீர்ப்பு பாராட்டியது. பாராட்டு பெற்றவர் வெறுங்கையோடு வீடு திரும்பினார். ஆசிரியர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதை நீதிமன்றமும் உணர்ந்தே இருந்தது.

இதே கதை பணிக்கொடையிலும் நடந்தது. 1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் வரும் 'பணியாளர்' என்ற வரையறைக்குள் ஆசிரியர்கள் வரமாட்டார்கள் என்று 2004 இல் அகமதாபாத் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கத்தின் வழக்கில் தீர்ப்பு வந்தது. இம்முறை நாடாளுமன்றம் தலையிட்டது. 2009 இல் வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு நடைமுறைப்படுத்தியது. தனியார் பள்ளிகள் எதிர்த்தன. 2022 இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. வரையறையில் சில சொற்கள் மாறியதும், பல்லாயிரம் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு, ஓய்வு பெற்றவர்கள் உட்பட, பணிக்கொடை கேட்கும் உரிமை வந்தது. வரையறைப் பகுதியை ஓர் அத்தியாயமாக நினைத்துத் தாண்டிச் செல்லும் மாணவர்களுக்கு இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்துக் கற்பிப்பது நல்லது.

உள்விசாரணை

வேலைக்குச் சேர்ந்த பின் மாணவருக்கு உடனடியாகப் பயன்படும் பகுதி இது. தொழிலாளி மீது குற்றச்சாட்டு எழுந்தால், குற்றம் இன்னதென்று தெளிவாகச் சொல்லும் குறிப்பாணை கொடுத்து, விளக்கம் கேட்டு, அது நிறைவாக இல்லையெனில் விசாரணை அலுவலரை அமர்த்தி, சாட்சிகளைத் தொழிலாளி குறுக்கு விசாரணை செய்ய இடமளித்து, அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன் பின்னரே தண்டனையை முடிவு செய்ய வேண்டும். குற்றம் சாட்டியவரே விசாரணை அலுவலராக அமரக்கூடாது. கேட்க எளிமையாக இருக்கும் இந்த வரிசை நடைமுறையில் ஏதாவது ஒரு படியில் முறியும். தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு பெரும்பாலும் அந்த முறிந்த படியைப் பற்றியே நடக்கும்.

விசாரணை நடக்கும்வரை தொழிலாளியை இடைநீக்கம் செய்தால் பிழைப்பூதியம் தர வேண்டும். 1946 ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். அதற்குப் பிறகும் தாமதம் தொழிலாளியால் ஏற்படவில்லை என்றால் முக்கால் பங்கு. இது கருணைத் தொகை அன்று. கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலராக இருந்த பால் ஆண்டனி வழக்கில் 1999 இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அவருக்குப் பிழைப்பூதியம் தரப்படவில்லை, உடல்நலமும் இல்லை, விசாரணைக்கு வர முடியவில்லை, அவர் இல்லாமலே விசாரணை முடிந்து வேலை போனது. பணம் இல்லாதவரை வரவழைக்காமல் நடத்திய விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் தள்ளியது. பேருந்துக் கட்டணமும் இயற்கை நீதியின் ஒரு பகுதிதான் என்பதை இதைவிட நன்றாக விளக்கும் வழக்கு இல்லை.

விசாரணை முறையாக நடந்து குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டால்கூட, தண்டனை அளவுக்கு மீறியது என்று தொழிலாளர் நீதிமன்றம் கருதினால் அதைக் குறைக்கலாம். 1971 இல் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு இந்த அதிகாரத்தைத் தந்தது. தேர்வில் அடிக்கடி வரும் கற்பனை வழக்குகள் இதை ஒட்டியவை.

ஒப்பந்தம் எழுதும் கலை

சட்டப் பாடம் முடிந்து உறவுப் பாடம் தொடங்கும் இடம் ஊதிய ஒப்பந்தம். தமிழ்நாட்டு ஆலைகளில் 'பன்னிரண்டு-மூன்று', 'பதினெட்டு-ஒன்று' என்று சொன்னால் படிக்காத தொழிலாளிக்கும் பொருள் தெரியும். நிர்வாகமும் சங்கமும் தாங்களே பேசி முடித்துக்கொள்வது 18(1) ஒப்பந்தம். கையெழுத்திட்டவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். சமரச அலுவலர் முன்னிலையில் ஏற்படுவது 12(3) ஒப்பந்தம். அது கையெழுத்திடாத சங்கத்தினரையும், நாளை வேலைக்குச் சேரப் போகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். ஓர் ஆலையில் நான்கு சங்கங்கள் இருக்கும்போது நிர்வாகம் ஏன் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட விரும்புகிறது என்பதற்கும், சிறுபான்மைச் சங்கம் ஏன் அதை எதிர்க்கிறது என்பதற்கும் விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாக மறைந்துவிடாது. முறிப்பதாக அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் ஆகும்வரை அது கட்டுப்படுத்தும்.

பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதா, தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா என்ற பழைய விவாதமும் இங்கே வரும். 1937 இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் அமைச்சராகவும், 1952 முதல் மத்தியத் தொழிலாளர் அமைச்சராகவும் இருந்த வி.வி.கிரி பேச்சுவார்த்தையின் பக்கம் நின்றவர். வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு மாற்றியதை ஏற்காமல் 1954 இல் அவர் பதவி விலகினார். நொய்டாவில் உள்ள தேசியத் தொழிலாளர் ஆய்வு நிறுவனம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

240 நாளும் 480 நாளும்

தமிழ்நாட்டில் இப்பாடத்தைப் படிப்பவர்கள் மிகுதியும் குழப்பிக்கொள்ளும் இரண்டு எண்கள் இவை. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்ய வேண்டுமானால் ஒரு மாத அறிவிப்பும், ஒவ்வொரு நிறைவுற்ற ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டும் என்பது மத்தியச் சட்டம், பிரிவு 25-எஃப். அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சொல்வது 1981 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அதற்கும் சில விலக்குகள் உண்டு. '240 நாள் ஆகிவிட்டது, இனி நிரந்தரம்தான்' என்ற நம்பிக்கை தொழிற்பேட்டைகளில் பரவலாக இருக்கிறது. அதை நம்பி இருந்தவருக்கு ஏமாற்றம். 480 நாள் ஆகியும் தன் உரிமை தெரியாமல் இருந்தவருக்கு இழப்பு.

மாநிலத்தின் தனிச் சட்டங்களில் மற்றொன்றையும் சொல்லலாம். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021 இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, துணிக்கடை, நகைக்கடை போன்ற இடங்களில் நாள் முழுதும் நின்று வேலை பார்க்கும் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது.

எங்கே படிக்கலாம்

சட்டப் படிப்பில் தொழிலாளர் சட்டம் கட்டாயப் பாடம். மும்பையில் 1936 இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனமும், ஜாம்ஷெட்பூரில் 1949 இல் தொடங்கிய எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனமும் தொழிலுறவுக் கல்வியில் பெயர் பெற்றவை. சென்னையில் சமூகப்பணிக் கல்லூரி 1952 முதல் இயங்குகிறது. தமிழ்நாடு அரசு 1973 இல் அமைத்த தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் இத்துறைக்கே உரியது. தொழிலாளர் மேலாண்மையில் இளங்கலை, முதுகலைப் படிப்புகளோடு, வேலை பார்த்துக்கொண்டே படிக்க மாலை நேர, வார இறுதிப் பட்டயப் படிப்புகளும் அங்கு உண்டு. ஆலையில் வேலை செய்பவரே சட்டம் படிக்க வருவது அவ்வகுப்புகளின் தனிச் சிறப்பு.

படித்தவருக்கான வேலைகளில் ஒன்றைச் சட்டமே உருவாக்கி வைத்திருந்தது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49 ஆவது பிரிவுப்படி 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருக்க வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 250.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் 'பணியாளர் மேலாண்மையும் தொழிலுறவும்' என்றிருந்த படிப்புகள் பலவும் 'மனிதவள மேலாண்மை' என்று பெயர் மாற்றிக்கொண்டன. பெயரோடு பாடமும் மாறியது. ஆள் தேர்வு, பயிற்சி, திறன் மதிப்பீடு ஆகியவை பெருகின. சங்கம், பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம் ஆகியவை ஒரு தாளாகச் சுருங்கின. ஆலை வாசலில் தகராறு வரும் நாளில் இந்தச் சுருக்கத்தின் விலை தெரியும்.

புதிய தொகுப்புகள்

29 மத்தியச் சட்டங்களை ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என நான்கு தொகுப்புகளாக நாடாளுமன்றம் 2019, 2020 ஆம் ஆண்டுகளில் இயற்றியது. மாணவர் கவனிக்க வேண்டிய மாற்றங்கள் பல. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதி பெற வேண்டிய ஆலையின் அளவு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆனது. முன்பு பொதுப்பயன் சேவைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த வேலைநிறுத்த முன்னறிவிப்பு எல்லா நிறுவனங்களுக்கும் வந்தது. 14 நாள் காத்திருக்க வேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு உள்ள சங்கம் தனிப் பேச்சுவார்த்தைச் சங்கம் ஆகும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு, இது வரவேற்கத்தக்கது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும் கால எல்லை மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்தது. இது பலருக்குத் தெரியாமலே உரிமையைப் பறித்துவிடக்கூடும்.

'தொழில்' என்பதன் வரையறையும் மாறியுள்ளது. அறப்பணி, சமூகப்பணி, தொண்டு ஆகியவற்றில் முழுமையாகவோ பெரும்பகுதியோ ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்கள் விலக்கப்பட்டுள்ளன. அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நாட்டில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இந்த விலக்கின் அளவு புரியும்.

சொற்கள்

வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆலையிலோ அறிவிப்புப் பலகை தமிழிலும் பேசும். நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் என்று 1946 ஆம் ஆண்டின் சட்டமே சொன்னது. எனவே இரு மொழிச் சொற்களும் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொழிலாளர் பேச்சில் 'லே-ஆஃப்' என்பது மின்சாரம், மூலப்பொருள் முதலியவை இல்லாமலோ இயந்திரம் பழுதாகியோ நிர்வாகம் அன்றைக்கு வேலை கொடுக்க முடியாத நிலை. வேலை போகவில்லை, தகுதி உள்ளவருக்குப் பாதி ஊதியம் உண்டு. 'ரெட்ரெஞ்ச்மென்ட்' ஆட்குறைப்பு, இழப்பீட்டோடு வேலை போகிறது. 'லாக்-அவுட்' கதவடைப்பு, தகராறின்போது நிர்வாகம் கையாளும் ஆயுதம், வேலை உறவு தொடர்கிறது. 'குளோஷர்' நிரந்தர மூடல், உறவே முடிகிறது. பூட்டிய வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் இவற்றுள் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்து, மறுநாள் தொழிலாளி எந்த அலுவலகத்துக்கு எந்த மனுவோடு போக வேண்டும் என்பது வேறுபடும்.